திரையில் ஓர் இடது கை

"பேய்க்கு எதுக்கு அண்ணி சாவி?"

சில்லறை இதைக் காதோடு காதாகத்தான் கேட்டான். இருந்தும் முன்னால் நடந்த டீச்சரின் காதில் விழுந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"அதேதான் சார் என் சந்தேகமும்" என்றாள், பூட்டில் சாவியை நுழைத்துக்கொண்டே. "பூட்டு பூட்டினபடியே இருக்கு. ஆனா உள்ளே யாரோ வந்துட்டுப் போறாங்க. சாவி சமையலறை ஆணியில தொங்குது. நான் ஸ்கூலுக்குப் போயிட்டா வீட்டுல என் அண்ணன் மட்டும்தான். அவரோ இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டார். அன்னிக்கு என் வீட்டுக்காரர் செத்துக் கிடந்ததை முதல்ல பார்த்தது அவர்தான். அதோட சரி."

சில்லறைக்கு அந்தப் பெயர் வைத்தது அவனுடைய அண்ணன். நோட்டாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது, வாயைத் திறந்தால் கலகலவென்று சில்லறைதான் கொட்டும் என்று. அண்ணன் ஆரம்பித்த துப்பறியும் அலுவலகத்தை, அவர் போன பிறகு அண்ணி நடத்துகிறாள். சில்லறை அவளுக்குக் கூடமாட ஒத்தாசை. கல்யாண வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. வாய் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. பயந்தால் இன்னும் வளரும். இந்த வீட்டு வாசலை மிதித்ததிலிருந்து அவன் வாயை மூடவில்லை.

கதவு திறந்தது. கார் நிறுத்தக் கட்டின கொட்டகை, ஒரே ஒரு ஜன்னல். மேசைமேல் தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிதாக, உலோகம் செதுக்குகிற ஒரு மில்லிங் மெஷின். பக்கத்தில் ஒரு கூண்டுக்குள் த்ரீ-டி பிரிண்டர். அதன் தட்டில் ஏதோ ஒரு பெட்டியின் மூடி பாதி அச்சாகி நின்றிருந்தது. மீதிப் பாதி இனி வரப்போவதில்லை. தரையெல்லாம் அலுமினியத் துகள், கண்ணில் படும்போது மினுக்கி, படாதபோது அணைந்தது. நாற்காலி முதுகில் ஓர் ஆணின் சட்டை. அதை யாரும் எடுத்து மடிக்கவில்லை.

டீச்சரின் கணவரை எல்லாரும் திரைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சினிமாத் திரை அல்ல. வீட்டிலேயே மரமும் உலோகமும் செதுக்குகிற பொழுதுபோக்குக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய மெஷின்களுக்குத் தொடுதிரை வரைந்து கொடுப்பவர். மெஷினோடு வருகிற திரையில் எண்ணும் அம்புக்குறியும் ஈ மொய்த்த மாதிரி இருக்கும். இவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஏற்ற மாதிரி புதிதாக அமைப்பார். கண் மங்கினவருக்குக் கட்டைவிரல் அகலத்தில் எழுத்து. கையுறையைக் கழற்றச் சோம்பல்படுகிறவருக்கு அதற்கேற்ற பெரிய பொத்தான். திரை பேசுகிற பேச்சும் அந்த வீட்டுப் பேச்சாகவே இருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இந்த மெஷினிலேயே மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார். மெஷினில் கோளாறு என்று போலீஸ் எழுதி முடித்தது. ஊர் வாய் அதற்கும் மேலே போனது: அவர் செய்த திரையே அவரை அடித்துவிட்டது.

டீச்சர் சுவிட்சைப் போட்டாள். மெஷின் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். கறுப்புக் கண்ணாடியில் வெளிச்சம் ஏறி, எழுத்து எழுந்தது.

வந்துட்டியா? முதல்ல கண்ணாடியைப் போடு.

சில்லறை ஓர் எட்டு பின்வாங்கினான்.

"இது அவர் எழுதி வச்சதுதான்" என்றாள் டீச்சர். "எப்போ போட்டாலும் வரும். இதுக்காகத்தான் தினமும் சாயங்காலம் வந்து ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். பைத்தியக்காரத்தனம்னு தெரியும் மேடம்."

"இல்லை" என்றாள் அண்ணி.

"இதைப் பாருங்க. பொத்தான் எல்லாம் எந்தப் பக்கம் இருக்கு?" என்றாள் டீச்சர்.

திரையின் இடது ஓரத்தில் பொத்தான்கள் மேலிருந்து கீழாக வரிசையாக நின்றன. மேலே மூலையில் சின்னதாக ஒரு கைப் படம்.

"அவர் இடது கைக்காரர். அவருக்கு எல்லாம் இடது பக்கம் வேணும். நான் வலது கை. நான் தொடும்போது இந்தக் கைப் படத்தை அமுக்கி வலது பக்கம் மாத்திக்குவேன். அப்படியே அணைச்சுட்டுப் போயிடுவேன். மறுநாள் வந்து பார்த்தா, மறுபடியும் இடது பக்கம் வந்து நிக்குது. ஒரு தடவைன்னா பரவாயில்லை. வாரத்துல பாதி நாள் இப்படி."

அவள் கைப் படத்தை அழுத்திப் பிடித்தாள். பொத்தான்கள் மீன் கூட்டம் போல் திரையைக் கடந்து வலது பக்கம் போய் நின்றன. நடுவில் இருந்த சிவப்பு நிறுத்தப் பொத்தான் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"வீட்டுல வேற யாராவது இடது கை?"

"யாரும் இல்லை. அண்ணனும் வலது கைதான்." டீச்சரின் குரல் தாழ்ந்தது. "மேடம், அவர் வர்றாரா? அதை மட்டும் சொல்லுங்க. வர்றார்னா நான் பயப்பட மாட்டேன். எதுக்கு வர்றார்னு தெரிஞ்சா போதும்."

அண்ணியின் கண் மெஷினின் வயரைத் தொடர்ந்து போனது. குனிந்து மேசைக்கு அடியில் எதையோ பார்த்தாள். "சில்லறை, இது என்னன்னு பாரு."

அவனும் குனிந்தான். மெஷினிலிருந்து வந்த வயர் வருஷக்கணக்கில் மஞ்சளேறிக் கிடந்தது. அதன் முனையில் வெள்ளைவெளேரென்று ஒரு மூணு கால் ப்ளக்.

"பழைய சட்டைக்குப் புதுப் பொத்தான்" என்றான். "இதுல என்ன அண்ணி இருக்கு?"

டீச்சர் மெஷினை அணைத்தாள். அணையும் முன் திரையில் இன்னொரு வரி வந்து, ஒரு நொடி நின்று, போனது.

போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ.

சில்லறை யாரிடம் என்று தெரியாமலே மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

கூடத்துக்கு வந்ததும் டீச்சரின் அண்ணன் தண்ணீர் கொண்டுவந்தார். திரைக்காரர் அவரை மச்சான் மச்சான் என்று வீடு அதிரக் கூப்பிட்ட பழக்கத்தில், பேப்பர் போடுகிறவர்கூட அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவாராம். நெட்டையான மனிதர், புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. ஒரு கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தார். இரண்டாவது டம்ளர் மேசையில் பாதி, அண்ணியின் புடவையில் பாதி.

"மன்னிச்சுக்கோங்க" என்றார். கண்ணுக்குக் கீழே கறுப்பாக வளையம். "இவ கண்டதை நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்கிறா. அந்தச் சனியனைப் பழைய இரும்புக்குப் போடுன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன், கேக்கிறதில்லை. அவரோட கூட்டாளி வேற அதை எனக்குக் கொடு எனக்குக் கொடுன்னு உசிரை எடுக்கிறார்."

"கூட்டாளியா?" என்றாள் அண்ணி.

"இவரோட சேர்ந்து திரை பண்ணினவர்" என்றாள் டீச்சர். பிறகு தயங்கி, "அவர்கிட்டயும் முன்னாடி ஒரு சாவி இருந்துச்சு மேடம்" என்றாள்.

*

அண்ணியின் கார் மூன்றாவது கியரில் இருமும். இருமி முடிக்கும்வரை சில்லறை பொறுத்தான்.

"வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரியக் கூடாதும்பாங்க. அந்த மச்சான் இடது கையாலயே கொடுக்கிறார், வலது கையைப் பாக்கெட்டை விட்டு வெளியில விட மாட்டேங்கிறார். சட்டையைப் பார்த்தீங்களா? வலது மணிக்கட்டுல பொத்தான் போட்டிருக்கு, இடதுல காத்தாடுது. ஒரு கைக்கு ஆபீஸ், ஒரு கைக்கு லீவு."

அண்ணி சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? செத்துப்போனவங்க எழுதி வச்சதைத் தினமும் போட்டுப் பார்க்கிறது… அது தப்பா?"

"ஏன், நீ எதைப் போட்டுப் பார்க்கிறே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணனின் போன் நம்பரை இன்னும் அவன் கூப்பிடுவான். நாலு தடவை மணி அடிக்கும், எடுக்க ஆள் இருக்காது. பிறகு அண்ணனின் குரல்: இப்போ பேச முடியாது, அப்புறம் நானே கூப்பிடறேன். அந்த 'அப்புறம்' என்ற சொல்லுக்காகவே கூப்பிடுவான். யாரிடமும் சொன்னதில்லை.

"செத்தவங்க நம்பரைக் கம்பெனிக்காரன் இவ்வளவு நாள் சும்மாவா விட்டு வச்சிருப்பான்?" என்றாள் அண்ணி. "நான்தான் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டு இருக்கேன். போன் என் பீரோவுல இருக்கு. நீ கூப்பிடும்போதெல்லாம் அது உள்ளே அடிக்கும்."

கூட்டாளியின் இடம் வந்துவிட்டது.

*

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை மாடி அறை. கதவைத் திறந்ததும் அட்டைப் பெட்டிகள்தான் வரவேற்றன. சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. கூரியர்காரர் ஒருவர் இன்னும் இரண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ரசீதை நீட்ட, கூட்டாளி கையெழுத்துப் போட்டார்.

இடது கையால்.

சில்லறை அண்ணியின் முழங்கையை இடித்தான். அண்ணி பதிலுக்கு அவன் காலை மிதித்தாள்.

"எல்லாம் திரும்பி வந்த திரைங்க" என்றார் கூட்டாளி, பெட்டிகளைக் காட்டி. தடித்த கண்ணாடி, மூன்று நாள் தாடி. "கொலைகாரத் திரையாம். யாருக்கும் வேண்டாமாம். அந்தக் கண்ணாடிக்குப் போற கரண்ட் சுவர்க் கடிகாரத்து பேட்டரி மாதிரி. எறும்பைக்கூடக் கொல்லாது. சொன்னா யார் கேக்கிறா? அந்த மெஷினை ஒரு நாள் என்கிட்டக் கொடுத்தா பிரிச்சுப் பார்த்து, ஏன் அடிச்சுதுன்னு சொல்லிடுவேன். அந்த வீட்டு மச்சான் விட மாட்டேங்கிறார்."

"சாவி உங்ககிட்ட இருந்துச்சாமே?"

"இருந்துச்சு. காரியம் முடிஞ்ச மறுநாளே அந்த மச்சானே வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிட்டார்."

சில்லறைக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அங்கே ஒரு திரை தானா இடது பக்கம் திரும்பிக்கிட்டு இருக்கு சார். நீங்களும் இடது பக்கமாவே எழுதறீங்க. ரெண்டும் எங்கேயோ சந்திக்குது."

கூட்டாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து, அறை மூலையில் துணி போர்த்தியிருந்த தன் மெஷினின் சுவிட்சைப் போட்டார். திரை விழித்தது. பொத்தான்கள் எல்லாம் வலது பக்கம்.

"நான் வேலை பண்றது இதுல. இடது பக்கம் மாத்தினதே கிடையாது. ஏன் தெரியுமா? நான் பிறவியிலேயே இடது கை. கத்தரிக்கோல், கதவுத் தாழ்ப்பாள், ஸ்கூல் பெஞ்சு, எல்லாம் வலது கைக்காரங்க பண்ணினது. அதுக்குள்ளேயே வளைஞ்சு நெளிஞ்சு பழகிட்டோம். எங்களுக்கு வலது கையும் பாதி வேலை செய்யும். அவன் ஒருத்தன்தான் வீம்புக்காரன். உலகத்தைத் திருப்பி வச்சாத்தான் உட்காருவேன்னு உட்கார்ந்தவன்." அவர் குரல் கொஞ்சம் இளகியது. "வாடிக்கையாளர் வந்தா அவன் முகத்தைப் பார்க்க மாட்டான். கையைத்தான் பார்ப்பான். அவசரத்துல கண்ணு வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும்பான். அந்தக் கைப் படத்தை எல்லாத் திரையிலும் வச்சான். யாருமே தொடலை. ஒரே ஒரு ஆள் தொட்டார்."

"யாரு அது?" என்றாள் அண்ணி.

"ஒரு தச்சர். நல்ல வலது கைக்காரர். கை உடைஞ்சு கட்டுப் போட்டிருந்தப்போ இடது பக்கம் மாத்திக்கிட்டார்."

அண்ணி எழுந்துவிட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உங்க பெட்டியை எல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க" என்றாள்.

படியில் இறங்கும்போது சில்லறை அலுத்துக்கொண்டான். "நல்ல இடது கைக்காரர் ஒருத்தர் கிடைச்சார். அவரையும் விட்டுட்டு வர்றீங்க."

"நாம தேட வேண்டியது இடது கைக்காரனை இல்லைடா" என்றாள் அண்ணி. "புதுசா இடது கைக்காரன் ஆனவனை."

*

மறுநாள் டீச்சர் வழக்கம்போல் ஸ்கூலுக்குப் போனாள். அண்ணி போனில் சொன்னபடி, அன்று யாரும் வரப்போவதாக வீட்டில் சொல்லவில்லை. மத்தியானம் சீக்கிரமே வந்துவிட வேண்டும் என்றும் அண்ணி சொல்லியிருந்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் குறுகலான சந்து. ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் கொட்டகைச் சுவர். வானம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் இருந்தது. சில்லறை சுவரில் முதுகை ஒட்டி நின்றான். நேற்று ராத்திரி அவன் அந்த நம்பரைக் கூப்பிடவில்லை. பீரோவுக்குள் அடிக்கும் என்று தெரிந்த பிறகு விரல் போகவில்லை.

"அண்ணி, ஒருவேளை நிஜமாவே அவர் வந்தா?"

"வந்தா நல்லது. அவர்கிட்டயே கேட்டுடலாம்."

கொஞ்ச நேரத்தில் பூட்டு திறக்கிற சத்தம். சாவி ஒரு தடவையில் திறக்கவில்லை, பூட்டோடு மல்லுக்கட்டியது. பிறகு கதவு. பிறகு அந்த மூச்சுச் சத்தம். அதன்மேல் மெல்லிய சீழ்க்கையாகக் கிளம்பி ஏறி, ஒரே சுருதியில் நின்றது மெஷினின் சுழல் ஓசை. எதையும் வெட்டாமல் வெறுமனே சுற்றுகிற ஓசை. செத்துப்போனவரின் அறையில் செத்துப்போனவரின் மெஷின்.

அண்ணி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை.

உள்ளே மச்சான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். திரையில் பொத்தான்கள் இடது பக்கம். இடது கை தொங்கியது. வலது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்திருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, அந்தக் கையை மெஷினின் இரும்புச் சட்டத்தின்மேல் பதித்திருந்தார். பதியவில்லை. உள்ளங்கை முழுக்கத் தோல் உருகிச் சுருங்கி, விரல்கள் கோழிக்கால் மாதிரி வளைந்திருந்தன. நுனிகள் மட்டும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் கையை நீட்டிக் காத்திருக்கிற மாதிரி, எதற்கோ காத்திருந்தார்.

சில்லறை தடயத்தை அழிக்க வந்தவனைப் பிடிக்கப்போகிறோம் என்று நினைத்து வந்தவன். இதைப் பார்த்து அவன் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

"அடிக்காது" என்றாள் அண்ணி. "ப்ளக்கைத்தான் ஒழுங்கா மாத்திட்டீங்களே."

அவர் திடுக்கிடவில்லை. கண்ணைத் திறந்தார், அவ்வளவுதான். சில்லறை இரண்டே எட்டில் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். சீழ்க்கை இறங்கி இறங்கி அடங்கியது.

"எப்படித் தெரியும்?" என்றார்.

"இடது மணிக்கட்டுல பொத்தான் போட வலது கை வேணும். உங்களால போட முடியலை. பழகின இடது கைன்னா தண்ணியைப் புடவையில கொட்டாது. வயர் பழசு, ப்ளக் புதுசு. ரெண்டாவது சாவியும் உங்ககிட்ட இருக்கு. சொல்லுங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகில் மாட்டியிருந்த சட்டை மேல் சாயாமல், நுனியில்.

"மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தணும்னார். வெளிச்சம் வேணும்னார். வயர் எட்டலை. என்கிட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி இருந்துச்சு, ரெண்டு ஓட்டைதான். ப்ளக்ல மூணு கால். கசியற கரண்ட்டைத் தரைக்குக் கொண்டுபோற அந்த எர்த் காலைக் குறடால நான்தான் உடைச்சேன். அஞ்சு நிமிஷ வேலைக்கு எதுக்குக் கடைக்கு ஓடணும்னு. அவர் அப்போ உள்ளே டீ குடிச்சுக்கிட்டு இருந்தார். ஓட்டிக் காட்டி அவரை அசத்தலாம்னு நான் சுவிட்சைப் போட்டேன். திரையில வந்துச்சு." நிறுத்தினார். "எர்த் வரலை, தெரிஞ்சுதான் ஓட்டறியான்னு கேட்டுச்சு. ஆமாம், இல்லைன்னு ரெண்டு பொத்தான்."

"நீங்க?"

"ஆமாம்னு அமுக்கினேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள்.

"டம்ளரோட வந்தார். என்ன மச்சான், நீங்களே ஓட்டிட்டீங்களேன்னு சிரிச்சுக்கிட்டே இடது கையை எடுத்து இது மேல வச்சார். அப்படியே ஒட்டிக்கிட்டார். நான் பெட்டியைப் பிடிச்சு இழுத்தேன். அது உருகிக்கிட்டு இருந்துச்சு, கையோட வந்துச்சு. அவர் விழுந்தப்போ…" அவர் தன் கையைப் பார்த்தார். "அதோட நான் நிறுத்தியிருந்தா மனுஷன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு, அது வர்றதுக்குள்ள அந்த எரிஞ்ச கையோட வேற ப்ளக்கை மாட்டினேன். பெட்டியை எடுத்துக் குப்பையில போட்டேன். கையை என்னன்னு கேட்டவங்ககிட்ட, அவரை இழுத்தப்போ சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லிட்டேன். தங்கச்சிக்கும் அதையேதான் சொன்னேன். அவ அந்த நிலைமையில எதைக் கவனிச்சா? டாக்டர்கிட்ட போகலை. போனா கரண்ட் பட்ட காயம்னு எழுதிடுவாங்களே. அது தானா இப்படி ஆறிடுச்சு."

"திரைதான் கொன்னுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னப்போ சும்மா இருந்தீங்க" என்றாள் அண்ணி.

"இருந்தேன்."

"பிறகு எதுக்கு இங்கே அடிக்கடி வர்றீங்க?" இதைக் கேட்டது சில்லறை. அவன் குரலில் கிண்டல் எதுவும் இல்லை.

"அன்னிக்கு மாதிரியே ஓட்டி, இந்தக் கையை வச்சுட்டு நிப்பேன். அவர் இடத்துல. அடிச்சா அடிக்கட்டும்னு. அடிக்க மாட்டேங்குது. வலது பக்கம் இருந்தா பொத்தானை என்னால அமுக்க முடியலை, குறுக்கே கையைக் கொண்டுபோக வேண்டியிருக்கு. ஒரு நாள் தெரியாம அந்தக் கைப் படத்துல விரல் பட்டுச்சு. எல்லாம் என் பக்கம் வந்து நின்னுச்சு. அவர் கைக்குன்னு பண்ணினது." அவர் உதடு கோணியது. "திருப்பி வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. தங்கச்சி கவனிப்பான்னும் தெரியாது. பழைய இரும்புக்குப் போடச் சொன்னது அதனாலதான். இது போயிட்டா நானும் நிறுத்திடுவேன்னு நினைச்சேன்."

அண்ணி வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு, "டீச்சர் வர்ற நேரமாச்சு" என்றாள். "நான் சொல்லணும்னா சொல்றேன். ஆனா அதை உங்க வாயாலதான் அவங்க கேக்கணும்."

*

கூடத்தில் டீச்சர் கைப்பையை மடியிலிருந்து இறக்காமலே கேட்டாள். மச்சான் ஒன்றையும் விடவில்லை. குறடு, இரண்டு ஓட்டைப் பெட்டி, ஆமாம் என்று அழுத்தினது, ப்ளக்கை மாற்றினது, எல்லாம் சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தே சொன்னார். அது ஒன்றுதான் சில்லறைக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வரவழைத்தது.

அவர் சொல்லி முடித்தார். அழுவாள், கத்துவாள் என்று சில்லறை எதிர்பார்த்தான். அவள் அண்ணி பக்கம் திரும்பினாள்.

"அப்போ அவர் வரலை" என்றாள்.

"வரலை" என்றாள் அண்ணி.

டீச்சர் தலையை ஆட்டினாள். இனி இந்த வழியாக பஸ் வராது என்று யாரோ சொன்ன மாதிரி, இரண்டு மூன்று தடவை ஆட்டினாள். அவர் போன அன்றைக்குக்கூட அவள் முகம் இப்படி வெறுமையாக இருந்திருக்காது என்று சில்லறைக்குத் தோன்றியது. கண்டுபிடித்ததற்காக முதல் தடவையாக அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"கையைக் காட்டு" என்றாள் அண்ணனிடம்.

அவர் நீட்டினார். அவள் தொடவில்லை. குனிந்து பார்த்தாள்.

"மூணு மாசமா இதை வச்சுக்கிட்டுத்தான் எனக்குச் சமைச்சுப் போட்டியா?"

அவர் கையை மெல்லக் கீழே இறக்கினார்.

"நீ எனக்குச் சோறு போடறப்பல்லாம் நினைச்சுக்குவேன், இவன் ஒருத்தனாவது மிச்சம் இருக்கானேன்னு." அவள் எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கிளம்பு."

"ஸ்டேஷனுக்கா?"

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு. அந்த விரல் பேனா பிடிக்கிற அளவுக்காவது மடங்கட்டும். அப்புறம் ஸ்டேஷன்ல போய் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் நீயே எழுது. அவர் பண்ணின திரை யாரையும் கொல்லலைன்னு முதல் வரியில எழுது. கீழே கையெழுத்துப் போடு."

"அதுக்கு நாளாகும்மா." அவர் இடது கையை நீட்டினார். "இப்பவே போகலாம். நான் இடது கையாலயே எழுதிடறேன்."

"வேண்டாம்" என்றாள் டீச்சர். "அது அவரோட கை."

அவள் வாசலுக்குப் போய்விட்டாள். மச்சான் ஒற்றைக் கையால் செருப்பின் வாரோடு போராடிக்கொண்டிருந்தார். சில்லறை மண்டியிட்டு அதை மாட்டிவிட்டான். வெளியே அண்ணி காரைக் கிளப்பி, பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.